முதல் இணைப்பு

இரண்டு மாதத்துக்கொரு முறை
தையல்நாயகி நகருக்குள் நுழைகிறேன்.
நாய்களுக்கு என்னை அடையாளம் தெரியும்.
மனிதர்களுக்கு நான் “ஈ.பி. வந்திருக்கு.”

நுழைவு வளைவில் பழைய பலகை:
பேருந்து நிலையம் மூன்று கிலோமீட்டர்,
ரயிலடி இரண்டரை,
அரசலாறு என்பதற்கு எதிரே
தூரம் உதிர்ந்துவிட்டது.
அதுவும் சரிதான்.
ஆடியில் ஆறு படித்துறை வரை வரும்.
சித்திரையில் பையன்கள் அதன் நடுவே ஸ்டம்பு நடுவார்கள்.
ஓர் ஐப்பசியில் மட்டும்
செந்தாமரை தெருவின் கேட்டுகளைத் தள்ளிக்கொண்டு வந்து
பதினேழு மீட்டர்களை நனைத்துவிட்டுப் போனது.
பதினேழையும் மாற்ற
எழுதிக்கொடுத்தவள் நான்.

முன்னே இதெல்லாம் வாழைக்கொல்லை.
ரைஸ்மில் தங்கையன் எண்பத்தாறில் மனை போட்டார்.
நகருக்கு அம்மா பெயர்,
தெருக்களுக்கு மகள்கள்:
பத்மாவதி, செந்தாமரை, புஷ்பவல்லி.
நாலாவதற்கு மகள் இல்லை,
ஆகவே அது நான்காம் தெரு.
பத்மாவதி தெருவில் பத்மாவதியே இருக்கிறார்.
முகவரி கேட்டால்
தன் பெயரை இரண்டு தரம் எழுதுகிறவர்.
ஏசி மூன்று. பாக்கி வைத்ததில்லை.

எல்லைக்கல் பக்கத்திலெல்லாம் புங்கங்கன்று வைத்தது
சவுரியம்மாள், பிரசவ வார்டு நர்ஸ்.
இரவு வேலை முடிந்து வந்து
சைக்கிள் கேரியரில் குடம் கட்டித் தண்ணீர் ஊற்றினாராம்.
பிறகு மகிழம், நாகலிங்கம்,
பால் பூத் முன்னே இரண்டு தூங்குமூஞ்சி.
அவருக்கும் எங்கள் அலுவலகத்துக்கும்
முப்பது வருடப் பகை.
பராமரிப்பு நாளில், ஒன்பதிலிருந்து ஐந்துக்குள்,
கம்பியை உரசும் கிளையை நாங்கள் கழிப்போம்.
அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து
விழுந்த ஒவ்வொன்றுக்கும் கணக்கு வைப்பார்.
போன தை மாதத்தோடு நாற்காலி இல்லை.
லைன்மேன் குணாளன் ஏணியில் ஏறினால்
இன்னமும் அந்த வாசலைப் பார்த்துவிட்டுத்தான்
அரிவாளை எடுக்கிறான்.

வசதிகளைக் கேட்டால்
யூனிட்டில்தான் சொல்லத் தெரியும்.
நூலகம் நாற்பத்திரண்டு:
ஒரு மின்விசிறி, அதன் கீழே ஒரே ஆள்.
ஷட்டில் கோர்ட் ஆயிரத்தைத் தாண்டுகிறது.
இஸ்திரி ரஹ்மத்துல்லா கரிப்பெட்டிக்காரர்,
என் கணக்கில் அகப்படமாட்டார்.
ஆற்றோரம் கடைசிக் கம்பத்தில் மின்மயானம்,
மழையோ வெயிலோ அங்கே குறைவில்லை.
புஷ்பவல்லி தெரு பதினொன்றில்
ஆறு தடவையாக ஒரே எண்.
பிள்ளை டாலஸில்.
பார்க்காமலே எழுதிவிடலாம்,
ஆனாலும் குனிந்து பார்க்கிறேன்.

மனை வரைபடம் நான்காம் தெருவோடு முடிகிறது.
அதைத் தாண்டி ஒன்பது வீடு.
கொல்லையில் தார் வெட்டியவர்களின் பிள்ளைகள்.
குடிசை விளக்கு இணைப்பு, மீட்டர் கிடையாது.
அந்த ஐப்பசியில்
இரண்டு ராத்திரி அவர்கள் பாலத்தில் நின்றார்கள்.
நனைய மீட்டர் இல்லாததால்
நான் எழுத ஒன்றும் இருக்கவில்லை.

பதிவேட்டில் முதல் இணைப்பு வீடு இல்லை,
மோட்டார். ஐந்து குதிரைத்திறன்.
பூங்கா மூலையில், ஓட்டுக்கொட்டகைக்குள்.
விவசாய இணைப்பு, இலவசம்.
வருடத்துக்கொரு முறை பார்த்து எழுத வேண்டும்.
பயிர் என்ற இடத்தில் எனக்கு முன்னே இருந்தவர் எழுதியது:
வாழை.
அதற்கு முன்னே இருந்தவரும் வாழை.
இப்போது அது பாய்வது
நடைப்பயிற்சிக்காரர்களின் புல்லுக்கு.
உள்ளதை எழுதினால் இணைப்பைத் துண்டிப்பார்கள்.
புல் காயும், காயட்டும்.
ஆனால் அந்தக் குழாயில்தான்
காலை ஐந்தரைக்கு
ஒன்பது வீட்டுக் குடமும் நிற்கிறது.

நான் அங்கேதான் சாப்பிடுவேன்.
டிபன்பாக்ஸை அந்தத் தண்ணீரில் கழுவுவேன்.
பேனாவைத் திறந்து
வாழை என்று எழுதுவேன்,
கொஞ்சம் அவசரமான கையெழுத்தில்.

போன வருடம் ஒருநாள்
குடத்தை இடுப்பில் ஏற்றியபடி காத்தாயி கேட்டாள்:
“அந்த நோட்டுல எங்களப் பத்தி என்னம்மா போடுற?”
சொன்னேன்.
சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

இன்று கொட்டகைக்குப் பின்னே,
குழாய்த்தண்ணீர் தேங்கும் பள்ளத்தில்
முழங்கால் உயரம்
ஒரு பக்கக்கன்று,
பூவனோ மொந்தனோ, இலை விரியட்டும்.